மோனிஷாவின் எடை

காலாண்டுத் தேர்வில் மோனிஷா கணக்கில் தோற்றாள். விடைத்தாள் கொடுத்த புதன்கிழமை மாலையே அவளுடைய எடை இரண்டரைக் கிலோ கூடிவிட்டது. காலையில் நாற்பத்தேழு கிலோ நூறு கிராம் இருந்தவள், விடைத்தாளை நான்காக மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகைக்குப் பளு தூக்கப் போய், வழக்கம்போல எடை மிஷினில் ஏறி நின்றாள். அது நாற்பத்தொன்பது கிலோ அறுநூறு கிராம் என்று காட்டியது. இடுப்பு பெருக்கவில்லை, கன்னம் உப்பவில்லை, சீருடை முந்தின நாளைப் போலவே தோளில் தொளதொளவென்று தொங்கியது. உடற்கல்வி ஆசிரியை எஸ்தர் மேடம் அவளை இறங்கச் சொல்லி, தான் ஏறிப் பார்த்து, மறுபடி அவளை ஏற்றினார். மிஷினில் கோளாறு இல்லை.

"நாப்பத்தொம்பது கிலோ பிரிவுல உன் பேர எழுதிக் குடுத்திருக்கேன். மத்தியானம் இன்னாடி துன்ன?"

"தயிர் சோறு மேடம்."

"எவ்ளோ தயிர் சோறு?"

மோனிஷா பையிலிருந்து விடைத்தாளை எடுத்துக் காட்டினாள். எஸ்தர் மேடம் அதைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார், பிறகு நோட்டில் புது எடையைக் குறித்துக்கொண்டார்.

அந்த விடைத்தாளைத் திருத்தியவன் நான். பெயர் சம்பத், வயது ஐம்பத்து நான்கு, பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு. இந்தக் கதையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. சொல்கிறேன், ஆனால் அதைச் சொல்ல எனக்கே ஐந்து மாதம் ஆயிற்று, ஆகவே நீங்களும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊர் பாலாற்றங்கரையில், தோல் வாசனைக்கு நடுவே, தண்ணீர் இல்லாத ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஊர். பெண்களில் பாதிப் பேர் ஷூ கம்பெனிகளில் வேலை செய்கிறார்கள். மோனிஷாவின் அம்மா கிரிஜா ஒரு கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றபடி பசை தடவுகிறாள். அப்பா ஏழுமலை நெடுஞ்சாலை ஓரத்து வே பிரிட்ஜில் லாரிகளை எடை போடுகிறார். மோனிஷாவுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ஜனவரியில் நடக்கும் மாநிலப் போட்டியில் தகுதி எடையைத் தூக்கிவிட்டால் உடற்கல்விக் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கும், அப்புறம் பொதுத் தேர்வில் எல்லாப் பாடத்திலும் பாஸானால் போதும். கிடைக்காவிட்டால் ஜூன் மாதம் அம்மாவுக்குப் பக்கத்து மேசையில் பசை தடவ வேண்டியதுதான், அங்கே ஏற்கெனவே ஆள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பளு தூக்குவதில் உடம்பின் எடையைப் பார்த்துத்தான் பிரிவு. நாற்பத்தொன்பது கிலோ பிரிவில் இருக்கிறவள் ஐம்பது கிலோ ஆகிவிட்டால் அடுத்த பிரிவுக்குப் போக வேண்டும், அங்கே தூக்க வேண்டிய எடையும் அதிகம். அதனால் எஸ்தர் மேடம் முதல் வாரம் முழுக்க அவளுக்கு ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினார், மழைக்கோட்டைப் போட்டு மைதானத்தைச் சுற்ற வைத்தார், வாயில் புளிப்பு மிட்டாயைக் கொடுத்து எச்சிலை பாட்டிலில் துப்பச் சொன்னார். பெண் வாடினாளே தவிர அந்த இரண்டரைக் கிலோ அசையவில்லை. தோல்வி வியர்க்காது என்பதை நாங்கள் அப்படித்தான் தெரிந்துகொண்டோம்.

அக்டோபரில் ஒரு அழைப்புப் போட்டிக்குப் போனாள். மூன்று முறை தூக்கப் பார்த்தாள், மூன்று முறையும் சிவப்பு விளக்கு எரிந்தது. திரும்பி வரும்போது ஏழரைக் கிலோ கூடியிருந்தாள். விளையாட்டு விடுதித் தேர்வில் அவள் பெயர் வரவில்லை, இரண்டரை. ஆண்டு விழாவில் ஆங்கிலத்தில் பேச மேடை ஏறி, வணக்கம் சொன்னதோடு நாக்கு ஒட்டிக்கொண்டு, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த எங்களையெல்லாம் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு இறங்கிவிட்டாள், இரண்டரை. தொடர் ஓட்டத்தில் குச்சியைத் தவறவிட்டாள், இரண்டரை. நாற்பது நாள் விடிகாலையில் எழுந்து ஆங்கிலப் பேப்பர் படிப்பது என்று தனக்குத்தானே சபதம் எடுத்துக்கொண்டவள் பன்னிரண்டாம் நாள் தூங்கிவிட்டாள். அது வேறு யாருக்கும் தெரியாத தோல்வி, ஆனாலும் இரண்டரை. எதுவும் இரண்டு கிலோவாகவோ மூன்று கிலோவாகவோ வரவில்லை. கணக்கு வாத்தியாரான எனக்கு அதில் ஒரு மரியாதை உண்டாயிற்று.

நடுவில் டிசம்பர் முதல் வாரம் மாவட்டப் போட்டியில் இரண்டாவதாக வந்து வெள்ளிப் பதக்கம் வாங்கினாள். ஊரே ஆவலோடு மிஷினைப் பார்த்தது. ஒரு கிராம்கூடக் குறையவில்லை. ஜெயித்தால் கழிவு கிடையாது என்று அப்போது புரிந்தது.

பார்வைக்கு அதே ஒல்லிப் பெண்தான், காற்றடித்தால் பிடித்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் அவள் நடந்து போனால் தெருவின் ஈர மண்ணில் பெரிய ஆளின் கால்தடம் பதியும். டாக்டர் ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றும் கோளாறில்லை, பிளாஸ்டிக் நாற்காலியில் மட்டும் உட்கார வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். ஷேர் ஆட்டோ பாஷா பாய் அவளை ஓரத்தில் உட்காரவிடாமல் நடுவில் உட்கார வைப்பார், இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். கல்யாண வீட்டுப் பந்தல் காற்றில் தூக்கினால், "ஏழுமல பொண்ணக் கூப்புடுங்கப்பா" என்று ஆள் அனுப்புவார்கள், அவள் புத்தகத்தோடு வந்து பந்தல் கயிற்றின் மேல் உட்கார்ந்து படிப்பாள். புது சிமென்ட் போட்டவர்கள் அவள் வரும் நேரம் பார்த்துப் பலகை வைத்தார்கள். வகுப்பில் அவளுக்கு மட்டும் இரும்பு பெஞ்சு வந்தது. பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள், தோற்றவர்கள், ஒவ்வொருவராக வந்து எஸ்தர் மேடத்தின் மிஷினில் ஏறிப் பார்த்தார்கள். யாருக்கும் ஒன்றும் கூடவில்லை. அதில் சிலருக்கு நிம்மதி, சிலருக்கு ஏமாற்றம்.

ஏன் அவளுக்கு மட்டும் என்று யாரும் ரொம்ப நாள் கேட்கவில்லை. எங்கள் ஊரில் ஒரு விஷயத்துக்குக் காரணம் தேடுவதைவிட அதை எங்கே உட்கார வைப்பது என்று பார்ப்பதுதான் வழக்கம்.

காரணம் தானாகவே தெரியவந்தது. அரையாண்டுத் தேர்விலும் கணக்கில் தோற்று இன்னும் இரண்டரை ஏறிய மறுநாள் காலை, மோனிஷா அம்மாவிடம் கத்தினாள். ஆங்கிலப் பேப்பர் சபதம் முறிந்த விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது.

"எழுப்பறேன்னு சொன்ன இல்ல? நீ எழுப்பல. உன்னாலதான் எல்லாம் போச்சி."

மொட்டைமாடிப் படியில் துவைத்த துணிகளோடு ஏறிக்கொண்டிருந்த கிரிஜா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். யாரோ தோளில் ஏறி உட்கார்ந்தது மாதிரி இருந்ததாம். அன்று கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தபோது இரண்டு முழங்காலும் வீங்கியிருந்தன. ஏழுமலை லாரிகளையே நம்பாமல் எடை போடுகிற மனிதர், மனைவியை நம்புவாரா, மாலையில் இருவரையும் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு வந்து மிஷினில் ஏற்றினார். கிரிஜா இரண்டரைக் கிலோ கூடியிருந்தாள். மோனிஷா இரண்டரைக் கிலோ குறைந்திருந்தாள்.

எஸ்தர் மேடம் முகத்தில் வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். நானும் அங்கேதான் இருந்தேன், மதிப்பெண் பட்டியலில் கையெழுத்து வாங்க வந்தவன். மோனிஷா, அம்மாவின் முழங்காலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாக, "இல்லம்மா. நீ எழுப்புன. நான்தான் போர்வைய இழுத்துப் போத்திக்கினேன்" என்றாள். மிஷினில் நின்றிருந்த கிரிஜாவின் எடை எங்கள் கண்ணெதிரே இறங்கியது. மோனிஷாவின் செருப்புக்கு அடியில் தரை லேசாக நெரிந்தது.

இது தெரிந்ததும் ஊர் பயந்தது. யார் மேல் குற்றம் சொன்னாலும், அவரவரே ஒப்புக்கொண்டாலும், பாரம் அவர்கள் மேல் ஏறும், சொன்னது நிஜமா பொய்யா என்பதெல்லாம் பாரத்துக்குத் தெரியாது. பதினோரு நாட்கள் எங்கள் ஊரில் ஒருவர்கூட இன்னொருவரைக் குறை சொல்லவில்லை. மாமியார்கள் மென்று விழுங்கினார்கள், சூப்பர்வைசர்கள் தைத்துப் பிசகிய ஷூவைத் தாங்களே பிரித்தார்கள், கவுன்சிலர் சாக்கடை அடைத்ததற்கு யார் காரணம் என்று கேட்டபோது வானத்தைப் பார்த்தார். பன்னிரண்டாம் நாள் யாரோ ஒருவன் வாய் தவறிப் பெண்டாட்டியைத் திட்டிவிட்டு, பயந்துபோய் அவளை மிஷினில் ஏற்றிப் பார்க்க, ஒன்றும் ஆகவில்லை. அது மோனிஷாவின் தோல்விகளுக்கு மட்டும்தான் என்று தெரிந்தது. ஊர் நிம்மதியாகப் பழைய வழக்கத்துக்குத் திரும்பியது. நாங்கள் எல்லோரும் தோற்றவர்கள்தான், ஆனால் தோற்ற நிமிஷமே அதை வேறு யார் தலையிலாவது கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து காபி குடிக்கிறவர்கள்.

எனக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. ஏன் என்று இப்போது சொல்லிவிடுகிறேன். தொகை நுண்கணிதம் என்று இரண்டு பாடங்கள், கேள்வித்தாளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதை நான் நடத்தவே இல்லை. அந்த வருஷம் வீடு கட்டிக்கொண்டிருந்தேன், தளம் போடுகிற நாளில் விடுப்பு, கம்பி இறங்குகிற நாளில் தலைவலி. பாடக் குறிப்பேட்டில் 'முடிந்தது' என்று எழுதித் தலைமையாசிரியையிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். வகுப்பில் பெரும்பாலான பிள்ளைகள் மாலையில் டியூஷனில் அதைப் படித்துக்கொண்டார்கள், அதனால் யாரும் கேட்கவில்லை. மோனிஷா டியூஷன் நேரத்தில் கொட்டகையில் இருந்தாள். அந்தக் கேள்விகளுக்கு நேராக அவள் விடைத்தாளில் எண்ணை மட்டும் எழுதி, கீழே இடம் விட்டிருப்பாள். அந்த வெற்று இடத்தில் சிவப்பு மையில் பூஜ்யம் போட்டவன் நான்.

"சார் நடத்தல." இரண்டு வார்த்தை. அவள் அதைச் சொன்னால் போதும், பொய்கூட இல்லை. என் வலது முழங்கால் தேய்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. வகுப்பறை இரண்டாவது மாடியில், நாற்பத்து நான்கு படிகள். ஒவ்வொரு நாளும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறும்போது, பின்னால் அவள் காலடி தம் தம் என்று கேட்கும், என் முதுகு வியர்க்கும். ஒருநாள் அவள் என் பக்கத்தில் வந்து நின்று என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். இதோ சொல்லப்போகிறாள் என்று கம்பியை இறுகப் பிடித்தேன்.

"மெதுவா வாங்க சார்," என்றாள். அவ்வளவுதான்.

ஜனவரியில் அவள் எடை அறுபத்தொன்பது கிலோ அறுநூறு. எஸ்தர் மேடம் மனசைத் தேற்றிக்கொண்டு, எழுபத்தொரு கிலோ பிரிவில் அவள் பெயரை மாற்றிக் கொடுத்தார். அந்தப் பிரிவில் இரண்டு வகைத் தூக்கலும் சேர்த்து மொத்தம் நூற்று நாற்பது கிலோ தூக்க வேண்டும். மேடம் எங்களைக் கூட்டி வைத்துச் சொன்னார்: "இனிமே போட்டி முடியறவரைக்கும் இவ எதுலயும் தோக்கக் கூடாது. ஒண்ணே ஒண்ணு தோத்தாலும் போச்சி."

போட்டிக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை, நான் திருப்புதல் தேர்வு விடைத்தாளைக் கொடுத்தேன். தாமதிக்க முடியவில்லை, தலைமையாசிரியை கேட்டுக்கொண்டே இருந்தார். அதாவது, அப்படித்தான் நான் அன்று எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

சேலத்தில் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எடை பார்த்தார்கள். பள்ளியிலிருந்து பாட ஆசிரியர் ஒருவரும் கூடப் போக வேண்டும் என்று உத்தரவு, முறைப்படி அது என் தலையில் விழுந்திருந்தது. மிஷின் எழுபத்திரண்டு கிலோ நூறு கிராம் காட்டியது. ஒரு கிலோ நூறு கிராம் அதிகம். பத்து மணி வரை நேரம், அதற்குள் குறைத்துக்கொண்டு வந்தால் மறுபடி எடை போடுவார்கள், இல்லாவிட்டால் எழுபத்தாறு கிலோ பிரிவு. அங்கே தகுதி நூற்றைம்பது.

மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு அவள் மைதானத்தைச் சுற்றினாள். எஸ்தர் மேடம் தன் கெட்டுப்போன முட்டியோடு கூடவே ஓடினார். புளிப்பு மிட்டாய், பாட்டில், எச்சில். தலைமுடியின் நுனியைக் கத்தரித்தார்கள். ஒன்பது நாற்பதுக்கு ஏறியபோது நானூறு கிராம் குறைந்திருந்தது. அதற்கு மேல் அவளிடம் எடுக்கத் தண்ணீர் இல்லை, உதடு வெடித்திருந்தது. மிச்சமெல்லாம் வியர்க்காத எடை.

வராந்தாவில் ஏழுமலை மகளின் முன்னால் வந்து நின்றார்.

"எம்மேல ஒண்ணு வை கண்ணு. ஒண்ணே ஒண்ணு."

"உன்மேல எத வெக்கறது நைனா? நீ இன்னா பண்ண?"

"எதனாச்சும் சொல்லு. படிக்க வெக்கலன்னு சொல்லு."

"படிக்க வெச்சியே."

ஏழுமலைக்கு இடுப்பில் பெல்ட் போட்டிருக்கிறது, டிஸ்க் நகர்ந்தவர். அவர் தன் மேல் சொல்லத்தக்க ஒரு குற்றத்தைத் தேடி, கிடைக்காமல், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். எஸ்தர் மேடம் குனிந்து முட்டியைப் பிடித்தபடி மூச்சு வாங்கினார்.

"எம்மேல வை. அழைப்புப் போட்டியில ஆரம்ப எடைய நான்தான் ஜாஸ்தியா எழுதுனேன்."

"நான்தான் மேடம் எழுதச் சொல்லிக் கேட்டேன்," என்று மோனிஷா அதை உடனே திரும்ப வாங்கிக்கொண்டாள்.

ஒன்பது ஐம்பது. மோனிஷா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கேட்பது மாதிரி இல்லை, குற்றம் சாட்டுவது மாதிரியும் இல்லை, சுவர்க் கடிகாரம் என் தலைக்கு மேல் இருந்தது, அதைத்தான் பார்த்திருப்பாள் என்று நான் வைத்துக்கொண்டேன். என் வாய் திறந்தது. மூன்று பரீட்சை, ஏழரைக் கிலோ, நான் வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொன்னால் அவள் அறுபத்து நான்குக்கு வந்துவிடுவாள், சுகமாகத் தன் பிரிவில் நிற்பாள். என் முழங்காலை நினைத்தேன். எஸ்தர் மேடம் காதில் விழுமே என்று நினைத்தேன். பாடக் குறிப்பேட்டை நினைத்தேன்.

"தண்ணி பிடிச்சிக்கினு வரேன்," என்று சொல்லிவிட்டு நழுவினேன்.

குழாயடியில் பாட்டில் நிரம்பி வழிந்தது. நான் திரும்பி வந்தபோது மணி பத்து ஐந்து, மோனிஷாவின் பெயர் எழுபத்தாறு கிலோ பட்டியலில் ஏறியிருந்தது. குறைத்த நானூறு கிராமைத் தண்ணீராகத் திரும்பக் குடித்துக்கொண்டிருந்தாள், நான் கொண்டுவந்த தண்ணீரை.

அந்தப் பிரிவின் மற்ற பெண்கள் அகன்ற தோளும் தடித்த தொடையுமாக இருந்தார்கள். அவர்களுக்கு நடுவே அவள் வரிசையில் நின்றபோது பார்வையாளர்கள் சிரித்தார்கள், அவள் மேடை ஏறியதும் பலகை முனகியது, சிரிப்பு நின்றது. முதல் வகை, ஒரே இழுப்பில் தலைக்கு மேல் கொண்டுபோவது. அறுபத்தைந்து தூக்கினாள். அதற்கு மேல் முயல எஸ்தர் மேடம் விடவில்லை, தவறினால் இரண்டரை ஏறும். இரண்டாவது வகை, முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல். நூற்றைம்பதில் அறுபத்தைந்து போக எண்பத்தைந்து வேண்டும். கொட்டகையில் அவள் தூக்கிய அதிகபட்சம் எண்பது. காலையில் நான் வாயைத் திறந்திருந்தால் எழுபத்தைந்து போதும், அதை அவள் தினமும் தூக்குகிறவள். இந்தக் கழித்தலை நான் நாற்காலியில் உட்கார்ந்து திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தேன், விடை மாறவில்லை.

முதல் முயற்சி. தோளுக்கு வந்தது, தலைக்கு மேலும் போயிற்று, இடது முழங்கை மடிந்தது. நடுவர் மூவர், ஆளுக்கொரு விளக்கு. மூன்று சிவப்பு. இரும்பு விழுந்த சத்தத்துக்குப் பிறகு இன்னொரு சத்தம் கேட்டது, அவள் காலுக்கு அடியில் பலகை நெரிகிற சத்தம். இரண்டரை கூடிவிட்டது.

இரண்டாவது முயற்சி. தோளுக்கு வாங்கிக் குந்தியவள் எழ முடியவில்லை. தொடைகள் நடுங்கின, முகம் கறுத்தது, எடை மாட்டிய இரும்புப் பாரை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் உட்கார்ந்தாள். மூன்று சிவப்பு. மறுபடி பலகை.

இப்போது அவள் எழுபத்தேழு கிலோவுக்கு மேல். பாரில் எண்பத்தைந்து. இன்னும் ஒரே முயற்சி. பெயர் கூப்பிட்டதும் ஒரு நிமிடம் ஓடத் தொடங்கும், அதற்குள் பாரைத் தரையிலிருந்து எடுத்தாக வேண்டும். ஏழுமலை மேடை ஓரத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "எம்மேல போடு, எம்மேல போடு" என்று சத்தமில்லாமல் வாயை அசைத்துக்கொண்டிருந்தார். எடை போட்டதெல்லாம் காலையோடு முடிந்தது, இப்போது அவள் யார் தலையில் எதைக் கட்டினாலும் எந்த நடுவரும் கேட்கப்போவதில்லை. நைனாவைக் குறை சொல்லி ஒரு சொல், மேடத்தைக் குறை சொல்லி ஒரு சொல், பலகையில் பழைய நாற்பத்தேழு கிலோப் பெண்ணாக நிற்கலாம். சொல்லிவிடு அம்மா, என் பெயரைச் சொல்லிவிடு என்று மனசுக்குள் வேண்டினேன். நானே சொல்ல வேண்டியதை அவள் வாயிலிருந்து எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான் என் தைரியம்.

நாற்பது விநாடி. அவள் கையில் சுண்ணப் பொடியைத் தேய்த்துக்கொண்டாள். முப்பது. அப்பாவைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஒருமுறை ஆட்டினாள். இருபது. குனிந்தாள், பிடித்தாள், எதற்காகவோ பிடியை விட்டு மறுபடி பிடித்தாள். பத்து. ஒன்பது.

பார் எழுந்தது. தோளில் விழுந்தது. அவள் குந்தினாள், போன தடவை மாட்டிக்கொண்ட அதே ஆழத்துக்குப் போனாள். அங்கே நின்றது. எழவில்லை, விழவும் இல்லை. அந்தக் கால்கள் ஐந்து மாதமாகத் தரையில் உட்கார்ந்து எழும்போதெல்லாம், பஸ் ஏறும்போதெல்லாம், நாற்பத்து நான்கு படி ஏறும்போதெல்லாம் யாரிடமும் சொல்லாமல் தூக்கிக்கொண்டிருந்தவை. ஒரு விரற்கடை உயர்ந்தது. இன்னொரு விரற்கடை. அவள் நின்றாள். மூச்சு வாங்கினாள். பிறகு ஒரே உந்தலில் தலைக்கு மேல் போயிற்று, கால்கள் முன்னும் பின்னும் அகன்றன, இடது முழங்கை நடுங்கியது, நடுங்கி, நேராக நின்றது.

ஒரு விளக்கு சிவப்பாக எரிந்தது. ஏழுமலை கண்ணை மூடிக்கொண்டார். அடுத்தது வெள்ளை. அதற்கடுத்ததும் வெள்ளை. இரண்டு வெள்ளை போதும்.

எஸ்தர் மேடம் மேடைக்குப் பின்னால் போய் அழுதார். ஏழுமலை கிரிஜாவுக்குப் போன் போட்டு, "தூக்கிட்டாம்மே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை என்னிடம் கொடுத்தார். கிரிஜா அந்தப் பக்கம் ஷூ கம்பெனி இரைச்சலுக்கு நடுவே, "சார், எல்லாம் உங்களால சார்" என்றாள். எங்கள் ஊரில் நன்றி சொல்வதும் அப்படித்தான்.

பிற்பகல் மூன்று மணிக்கு வேனில் திரும்பினோம். முன் சீட்டில் ஏழுமலை, அவருக்குப் பின்னால் மேடம், இருவரும் தூங்கிவிட்டார்கள். கடைசி வரிசையில் நான் ஒரு ஜன்னல், மோனிஷா ஒரு ஜன்னல், நடுவில் அவள் பை. பொட்டலத்திலிருந்து எலுமிச்சைச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"மோனிஷா," என்றேன். "தொகை நுண்கணிதம் நான் நடத்தல."

"தெரியும் சார்."

"வீட்டு வேலை இருந்திச்சு. குறிப்பேட்டுல நடத்துனதா எழுதிட்டேன்."

"தெரியும் சார். எல்லாருக்கும் தெரியும்."

"அப்போ ஏன் சொல்லல? காலையிலயாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

அவள் விரலை நக்கிக்கொண்டு, இதெல்லாம் ஒரு கேள்வியா என்பது போல என்னைப் பார்த்தாள்.

"நீங்க ரெண்டு மாடி ஏறணுமே சார்."

என் பக்கத்து ஜன்னலை இழுத்து மூடினேன், இரைச்சல் குறைந்தது. பிறகு, தூங்குகிறவர்களும் கேட்கட்டும் என்று, வகுப்பில் பேசுகிற குரலிலேயே சொன்னேன். "காலாண்டு, அரையாண்டு, திருப்புதல். மூணும் நீ தோக்கல. நான் தோத்தது."

எனக்கு அடியில் சீட் ஸ்பிரிங் கிறீச்சென்று அமுங்கியது. அவள் பக்கம் எழும்பியது. வேன் ஒருமுறை என் பக்கமாகச் சாய்ந்து நேரானது, டிரைவர் கண்ணாடியில் பார்த்தார், ஏழுமலையின் தலை ஜன்னலில் இடித்து அவர் விழித்துக்கொண்டார். ஏழரைக் கிலோ என்றால் கேட்பதற்கு ஒன்றுமில்லை, ஒரு சின்ன அரிசிப் பை. உடம்புக்குள் வந்து உட்காரும்போது தெரிகிறது. முட்டி, இடுப்பு, கழுத்து என்று அது தனக்கு இடம் பார்த்துக்கொண்டு போயிற்று.

"மீதியும் யாருதுன்னு சொல்லு," என்றேன். "வாங்கிக்க வெக்கறேன்."

"மீதி என்னுது சார்," என்று சொல்லிவிட்டு அவள் பொட்டலத்தை மடித்தாள்.

திங்கட்கிழமை காலை மாடிப்படியின் கீழே நின்றேன். மோனிஷா பைக்காகக் கையை நீட்டினாள், நான் கொடுக்கவில்லை. நாற்பத்து நான்கு படிகளை ஏற பதினோரு நிமிடம் ஆயிற்று, மூன்று இடத்தில் உட்கார்ந்தேன். வகுப்பில் நுழைந்து, கரும்பலகையில் தொகை நுண்கணிதம் என்று எழுதினேன். டியூஷன் போன பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். மோனிஷா இரும்பு பெஞ்சில் உட்கார்ந்து நோட்டில் புதுப் பக்கம் திருப்பினாள். அப்போது கடைசி வரிசையிலும் பக்கம் திருப்புகிற சத்தம் கேட்டது. நான்கு பெண்கள், மூன்று பரீட்சையிலும் அந்தக் கேள்விகளுக்குக் கீழே இடம் விட்டவர்கள், எந்த மிஷினிலும் ஒரு கிராம்கூட ஏறிக் காட்டாதவர்கள், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு அவர்களிடம் நடந்து போய், ஒவ்வொருவராகப் பெயர் கேட்டேன்.